ஊதுபெட்டியைத் துலக்கிய கதை

ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு ஊதுபெட்டி வீடு என்றே பெயர். அப்பாவிடம் தமிழ் படித்த துரை, சீமைக்குத் திரும்பும்போது அன்பாக விட்டுப்போன குழல் ஆர்கன் அது. கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, மாட்டுவண்டியில் ஊர் சேர்ந்ததாம். அலமாரி உயரம்; முகப்பில் வரிசையாக ஈயக் குழல்கள். ஒருவர் கைப்பிடியை அமுக்கித் துருத்திக்குக் காற்றூட்டினால்தான் இன்னொருவர் வாசிக்க முடியும். வாசிப்பது அத்தை, அமுக்குவது எட்டு வயது நான்.

அத்தையைப் பெண் பார்க்கச் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாத்தியார் வருவதாக இருந்தது. முன்பு வந்த இரண்டு பேர் வேண்டாமென்று போய்விட்டார்கள். இதுவும் தட்டிப்போகக் கூடாதே என்று அம்மாவுக்கு ஒரே கவலை. வீட்டுப் பித்தளையெல்லாம் புளிபோட்டுத் துலக்கினாள். நானும் என் பங்குக்கு ஆர்கன் குழல்களை உருவிப் புளிபோட்டுத் தேய்த்தேன். அடியில் இருந்த கீறல்கள் மட்டும் என்ன தேய்த்தும் போகவில்லை. கன்னாபின்னாவென்று நின்ற குழல்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல உயரப்படி நிறுத்தியதில் எனக்குப் பெருமையோ பெருமை.

மறுநாள் கூடம் நிறைய ஆட்கள். அத்தை கீர்த்தனையைத் தொடங்கினாள். மேலே ஏறவேண்டிய சுரம் கீழே இறங்கியது. நடுவில் ஒரு குழல் கன்றுக்குட்டி மாதிரி கத்தியது.

"ஏட்டி, என்னத்தச் செஞ்சு தொலைச்ச?" என்றாள் அம்மா. நான் அழுதுவிட்டேன்.

வாத்தியார் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, "ஒண்ணொண்ணா கேட்டுப் பாத்து மாத்திரலாம். அடையாளம் எதுவும் உண்டா?" என்று அத்தையைக் கேட்டார்.

"ஒண்ணும் கெடையாது" என்றாள் அத்தை.

அவர் ஒரு குழலை உருவித் திருப்பி அடியைப் பார்த்தார். "ஆமா, கெடையாது" என்றார்.

அத்தை கட்டையை அழுத்த, அவர் குழலை மாற்றிச் செருக, மூன்று மணி நேரம் ஆயிற்று. பெரியவர்கள் பேசி முடித்து, சாப்பிட்டு, கண்ணயர்ந்தே போனார்கள். எனக்குக் கை கடுத்தது. "போதும் அத்தை" என்றேன்.

"பைய அமுக்குட்டி. என்ன அவசரம்?" என்றாள்.

தை மாதம் அவர் எனக்கு மாமாவானார். நான் கெடுக்கப் பார்த்த கல்யாணத்தைக் கர்த்தர் காப்பாற்றினார் என்று வெகுநாள் ஜெபத்தில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கிலீஷ் படிக்கத் தொடங்கிய பிறகு, ஒருநாள் தூசி தட்டும்போது அந்தக் கீறல்களை மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு குழலின் அடியிலும் அதன் சுரத்துக்குரிய எழுத்து, புளியங்கொட்டை பருமனில், தெளிவாகப் பொறித்திருந்தது. பார்த்துச் செருகினால் பத்து நிமிஷ வேலை. அவர்கள் இருவருமோ இங்கிலீஷ் நன்றாகப் படித்தவர்கள். அன்றைக்கு எனக்குக் கை வலித்தது மட்டும்தான் தெரியும்.