எடின்பரோ காட்டப் போனவள்

ஊர் காட்டுகிற வேலை என்றால் ஊர் பார்க்கிற வேலை என்று நம்பிச் சேர்ந்தவர்கள் என்னைப் போல இன்னும் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கனடாவில், புவாண்ட்-கிளேரில் ஒரு சிறிய பயணக் கொம்பனியில் எனக்கு வேலை. ஓய்வு பெற்றவர்களைக் கூட்டமாக வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்படிப் பல ஊர் போய்வந்த பிறகு, 2007 வைகாசியில் பதினாலு பேரோடு எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் அநேகருக்கு ஸ்கொட்லாந்து முன்னோர்களின் நாடு. எனக்கோ அது லண்டனில் இருக்கிற அக்காவைப் பார்க்கக் கிடைத்த வழி. யாழ்ப்பாணத்தை விட்டு ஆளுக்கொரு பக்கமாகப் போய்ப் பதினேழு வருடம் ஆகியிருந்தது.

கனடாப் பாஸ்போர்ட்

விமான நிலையத்தில் பதினாலு பேரும் ஐந்து நிமிடத்தில் வெளியே போய்விட்டார்கள். என் கையில் இருந்ததும் அதே பாஸ்போர்ட்தான். பிறந்த இடத்தைப் பார்த்த அதிகாரி என்னைப் பக்கத்துக் கதிரையில் இருக்கச் சொன்னார். ஏன் வந்தாய், யாரைத் தெரியும், எப்போது திரும்புவாய் என்று முக்கால் மணித்தியாலம் போனது. வெளியே வந்து எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். குழுவிலேயே மூத்தவரான மிசிஸ் பெல் கோபமே இல்லாமல் சொன்னார்: "அடுத்த முறை வேறு ஆளை அனுப்பச் சொல்கிறேன். எங்களுக்கு நேரம் மிச்சம்."

கோட்டை வாசல்

பாறை உச்சியில் இருக்கிற அந்தக் கோட்டையைப் பற்றி ஒரு மாதமாக பஸ்ஸில் போகவர வாசித்துப் பாடமாக்கியிருந்தேன். வாசலுக்கு வந்ததும் மிசிஸ் பெல்லுக்கு முழங்கால் பிடித்துவிட்டது. உள்ளூர் வழிகாட்டி மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் மிசிஸ் பெல்லோடு வெளியே ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

சரியாக ஒரு மணிக்குக் கோட்டையின் மேல் பீரங்கி வெடித்தது. நேரம் சொல்ல வெடிப்பது என்று வாசித்திருந்தேன். தெரிந்தும் என்ன, அடுத்த கணம் நான் நிலத்தில் கிடந்தேன். கைப்பையில் இருந்ததெல்லாம் ஈரத்தில் சிதறிவிட்டது. மிசிஸ் பெல் குனிந்து பார்த்தார்: "வெறும் சத்தத்துக்கு இப்படியா? நீதானே எங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவள்."

மிஸ்டர் கிரேக்கின் கல்

மூன்றாம் நாள் பன்னிரண்டு மணியிலிருந்து எல்லாருக்கும் ஓய்வு. அந்த நேரத்துக்காக அக்கா இரவு முழுக்க பஸ்ஸில் வந்து பெரிய தேவாலயத்தின் முன்னால் காத்து நின்றாள். மறுநாள் விடிய அவளுக்கு வேலை. இரண்டரைக்குத் திரும்பும் பஸ். குழுவைக் கலைய விடுமுன் எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று பேர்தான் இருந்தார்கள். மிஸ்டர் கிரேக்கைக் காணவில்லை. எழுபத்தெட்டு வயது, இருதய வருத்தக்காரர்.

அவரை விட்டுவிட்டுப் போக எனக்குத் துணிவு வரவில்லை. ஒவ்வொரு குறுகிய ஒழுங்கையாக இறங்கி ஏறித் தேடினேன். அக்கா இரண்டு தரம் போன் எடுத்தாள். இரண்டாம் தரம், தான் பஸ் நிலையத்துக்குப் போவதாகவும் முடிந்தால் அங்கே வரும்படியும் சொன்னாள். கடைசியில் மிஸ்டர் கிரேக் ஒரு இடுகாட்டில் குந்தியிருந்து கல்லில் பிடித்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவரை ஹோட்டலில் விட்டுவிட்டு ஓடினேன்.

பஸ் புறப்பட நாலு நிமிடம் இருந்தது. அக்காவின் தலை முழுக்க நரைத்திருந்தது. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அழாத பிள்ளை. அழுதா உன்ர முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?" என்றாள். கதவு மூடிவிட்டது.

பின்னேரம் மிஸ்டர் கிரேக் கமராவில் அந்தக் கல்லைக் காட்டினார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் கல். நான் அக்கா வந்து போனதைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. அவர் என் தோளில் தட்டினார்: "உன் அக்கா உயிரோடுதானே இருக்கிறாள், இன்னொரு முறை பார்க்கலாம். எனக்கு இந்தக் கல் மட்டும்தான்."

மனேஜரின் அறை

திரும்பி வந்த கிழமையே மனேஜர் கூப்பிட்டார். வேலை நேரத்தில் நான் சொந்த விஷயமாகப் போய்விட்டேன் என்று மிஸ்டர் கிரேக் எழுதியிருந்தார். நடந்ததைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, இனிப் பயணம் வேண்டாம், டிக்கெட் பதிகிற மேசையில் இரு என்றார். லண்டன் போக லீவு கேட்டேன். கோடை முடியட்டும் என்றார். நான் எழும்பும்போது அன்பாகத்தான் கேட்டார்: "அது சரி, எடின்பரோ வடிவான ஊரா?"

இத்தனை ஊர்களுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போன எனக்கு, எந்த ஊரிலும் கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரிந்த இடம், வயதானவர்கள் முதலில் கேட்கிற பொதுக் கழிப்பறை ஒன்றுதான்.