வெயிலில் காயப்போட்ட தாள்கள்

செம்புத் தகட்டை அமிலத்தால் அரித்துப் படம் அச்சடிப்பது என் வேலை. அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது மருந்துக்கும் கிடையாது. அன்றைக்கு இன்னும் மோசம். மறுநாள் காலை சென்னையில் கண்காட்சிக்குப் படம் தேர்வு செய்கிறார்கள். ராத்திரி தஞ்சாவூரில் ரயிலேறினால்தான் உண்டு.

படத்தில் ஒரு மனிதர் வயல் தண்ணீரில் முழங்கால் வரை நிற்கிறார். கழுத்துக்கு மேல் தலை இல்லை. தார்ப்பாய் போர்த்திய நெல் குவியல். அச்சடித்தபின் தார்ப்பாய்க்கு மட்டும் கையால் நீலம் தீட்ட வேண்டும். அவர் யாரென்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அப்பாவின் குறுவை நெல், ஈரம் அதிகமென்று கொள்முதல் நிலையத்தில் திரும்பத் திரும்பத் தள்ளப்பட்டு எங்கள் களத்தில் கிடந்தது. 'என் கஷ்டம் உனக்குப் படமா?' என்று கேட்டுவிட்டால் அந்தத் தகட்டைத் தொடவே எனக்குக் கை வராது.

தாள்களை முந்தின நாளே நனைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி மோட்டார் கொட்டகையில் வைத்திருந்தேன். ஈரத்தில் இளகிய தாள்தான் தகட்டின் கோடுகளுக்குள் இறங்கி மையை எடுத்து வரும். தகட்டில் மை பூசி, மேல் மையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் தாள்கட்டைக் காணோம்.

வெளியே ஓடினேன். களத்தில் நெல்லோரமாக அத்தனை தாளும் அப்பளமாய் விறைத்துக் கிடந்தன. அப்பா காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அப்பா! இதையெல்லாம் யாரு உங்களத் தொடச் சொன்னா?"

"நசநசன்னு ஈரமா கெடந்துச்சு பாப்பா. பூஞ்சை புடிச்சிடும். அதான் மழைக்கு முன்னாடி..."

"அது ஈரமாத்தாம்ப்பா இருக்கணும்!"

அவர் கால் நின்றுவிட்டது. ஈரமாக இருக்க வேண்டிய பொருள் என்று ஒன்று உண்டென்பதை அந்த மாதத்தில் அவரால் நம்ப முடியவில்லை.

ஊறவைக்க ஏது நேரம்? ஒரு தாளைத் தொட்டியில் முக்கி, துண்டால் ஒற்றி, வருவது வரட்டும் என்று தகட்டின்மேல் போட்டேன். அச்சு இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்ற அப்பாவும் ஒரு கை பிடித்தார்.

தாளை உரித்தேன். கால்கள் திட்டுத்திட்டாக விட்டுப்போயிருந்தன. தார்ப்பாயும் கைகளும் கருகருவென்று வந்திருந்தன. அப்பா அந்தக் கையின் கோணல் சுண்டுவிரலைப் பார்த்தார். தன் கையையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"நாந்தானா?"

தலையாட்டினேன்.

"இத எங்க கொண்டுட்டுப் போற?"

"சென்னைக்குப்பா. பாத்துட்டு, சரியா இருந்தா எடுத்துக்குவாங்க."

தாளின் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே பாப்பா," என்றார். "எடுத்துக்குவாங்களா?"