ராய்ஸ் டாகெட்டின் கேட்சர்

எமில் நோவோட்னியின் முட்டிகள் இரண்டும் முப்பத்தைந்து வயதிலேயே தேய்ந்துவிட்டன. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பேஸ்பாலில் கேட்சர் வேலைக்கு வந்தவனுக்குக் குந்தி எழுந்தே ஆயுள் கழியும். மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து, பிட்சர் எறிகிற பந்தை ஒரு ஆட்டத்துக்கு நூறு தடவைக்கு மேல் வாங்கித் திருப்பி எறிய வேண்டும். கைதட்டல் எல்லாம் எறிகிறவனுக்கு, காயம் எல்லாம் பிடிக்கிறவனுக்கு. இந்த ஏற்பாட்டில் எமில் ஒருநாளும் குறை கண்டதில்லை. புத்திசாலியாக இருந்திருந்தால் கண்டிருப்பான்.

அவனுக்கு வாய்த்த பிட்சர் ராய்ஸ் டாகெட். ஒஹையோவில் கார்வர் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அந்தப் பேரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். ஆறடி மூன்றங்குலம், இடது கை, நினைத்த இடத்தில் போய் விழும் பந்து. இருவரும் 1959இல் ஒரே வாரத்தில் கார்வர் அணிக்கு வந்தார்கள். எமில் ஓடுகிற அழகைப் பார்த்து ராய்ஸ் முதல் நாளே அவனுக்குப் பேர் வைத்துவிட்டான்.

“கெழவா, நீ முதல் பேஸுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும் போலிருக்கே.”

“உனக்கு எவ பொண்ணு குடுப்பா? நான் ஓடாமலே இருக்கேன், உனக்கு அவசரம் வேண்டாம்” என்றான் எமில்.

அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம். ஆட்டம் இல்லாத நாளில் ராய்ஸுக்குச் சாப்பாடு எமில் வீட்டில்தான். எமிலின் மனைவி வெர்னா பன்றிக்கறியும் புளிக்கவைத்த முட்டைக்கோசும் சமைத்து, கசகசா வைத்த பன் சுட்டுத் தருவாள். தட்டை வழித்துத் தின்பான் அந்த மகராசன்.

கேட்சர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. என்ன பந்து எறியலாம் என்று விரல் காட்டிக் கேட்பது கேட்சர். ஆனால் அவன் கேட்டதைத் தள்ளிவிட்டு பிட்சர் தன் இஷ்டத்துக்கு எறிந்து அடி வாங்கினாலும், பெஞ்சுக்குத் திரும்பியதும் கேட்சர்தான் முந்திக்கொண்டு “நான் கேட்டது தப்பு” என்று சொல்ல வேண்டும். பிட்சரின் மனசு உடைந்தால் அன்றைய ஆட்டம் போச்சு. கேட்சரின் மனசைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. எமில் இதை எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பானோ, கடைசியில் அது அவன் வாயில் தும்மல் மாதிரி தானாகவே வர ஆரம்பித்துவிட்டது.

அறுபத்தெட்டாம் வருஷம் ராய்ஸின் தோள் போய்விட்டது. பந்தில் வேகமில்லை. நேற்று வந்த பொடியன்கள் எல்லாம் அவனை வெளுத்து வாங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எமில் வீட்டு அடுக்களையில் சாப்பிட்டு முடித்து, ராய்ஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“உன் முழங்கால் கவசத்துல ஒரு கொக்கி இருக்கில்ல, அதோட முனையைக் கொஞ்சம் கூர் ஆக்கித் தர்றேன். பந்தைத் திருப்பி எறியறதுக்கு முன்னாடி அதுல ஒரு இழுப்பு இழுத்துடு. சின்னக் கீறல் போதும். மீதியை நான் பாத்துக்கறேன்.”

“மாட்டினா?”

“என்னைத்தான் சோதிப்பாங்க. தொப்பி, பெல்ட், கையுறை எல்லாம் தடவிப் பாப்பாங்க. கேட்சரை எவன்டா பாக்கறான்?”

வெர்னா கைகழுவும் தொட்டிப் பக்கம் நின்றவள் திரும்பினாள். “வேண்டாம் எமில். இது நல்லதுக்கில்ல.”

“வெர்னா, இது இல்லாட்டி நான் ஊருக்குப் போய் மாடு மேய்க்கணும்” என்றான் ராய்ஸ். சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அது நிஜக் கண்ணீர்தான், அதில் சந்தேகமில்லை. அராவியதும் அவனே. எமில் கவசத்தைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

கீறல் விழுந்த பந்து மட்டைக்கு முன்னால் வந்து பொத்தென்று கீழே இறங்கும். தோள் போனவன் மறுபடி ராஜாவானான். நான்கு வருஷத்தில் எழுபத்திரண்டு வெற்றி. பத்திரிகைகள் ‘டாகெட்டின் இரண்டாம் பிறப்பு’ என்று எழுதின. பிரசவம் பார்த்தவன் பேர் எதிலும் வரவில்லை.

1971 செப்டம்பரில் ஒருநாள் எதிரணி மேலாளர் பந்தைப் பார்க்கச் சொல்லி அம்பயரிடம் போய் நின்றார். அம்பயர் ராய்ஸைத் தலை முதல் கால் வரை சோதித்தார். ஒன்றும் இல்லை. திரும்பி வந்தவர் எமிலின் காலைப் பார்த்தார். குனிந்து, கொக்கியில் விரல் வைத்தார். விரலில் ரத்தம் துளிர்த்தது.

“இது யார் வேலை?”

ராய்ஸ் பந்து எறியும் மேட்டிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றான். எமில் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

“நான்தான்” என்றான். “தப்பு என்னோடது.”

ராய்ஸ் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தான். அப்புறம் அம்பயரிடம், “சார், எனக்கு இது எதுவுமே தெரியாது” என்றான். முப்பதாயிரம் பேர் எமிலைத் திட்டித் தீர்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டே அவன் வெளியே போனான்.

மறுநாள் காலை ராய்ஸ் வீட்டுக்கு வந்தான். வெர்னா காப்பி தரவில்லை.

“கெழவா, உனக்கு முட்டி போச்சு. எப்படியும் அடுத்த வருஷம் உன்னை அனுப்பிடுவாங்க. எனக்கு இன்னும் ஆட்டம் இருக்கு. இப்ப நானும் வாயைத் திறந்தா ரெண்டு பேரும் காலி. ஓய்வு வாங்கின அன்னிக்கே ஊர் அறியச் சொல்லிடறேன். இது சத்தியம்.”

எமில் நம்பினான். நம்பாமல் என்ன செய்வான், அவன் கண்ணை அறுபதடி தூரத்திலிருந்தே படித்துப் பழகியவன் ஆயிற்றே. அந்த இறுமாப்புதான் அவனைக் கெடுத்தது.

அந்த வருஷம் முடியும்வரை அவனுக்குத் தடை. அப்புறம் எந்த அணியும் கூப்பிடவில்லை. கார்வர் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளர் வேலைக்கு மூன்று தடவை விண்ணப்பித்தான். மூன்றாவது தடவை முதல்வர் மறைக்காமல் சொன்னார். “நீங்க நல்லவரா இருக்கலாம் மிஸ்டர் நோவோட்னி. ஆனா ஏமாத்தினவர்கிட்ட பிள்ளைங்களை எப்படி விடறது?” எமில் தீவனக் கடையில் வண்டி ஓட்டினான். ஆட்டத்தைப் பற்றி யார் கேட்டாலும் வானிலையைப் பேசினான்.

ராய்ஸ் எழுபத்தெட்டில் ஓய்வு பெற்றான். ஒன்றும் சொல்லவில்லை. “பெரிய வீரர்கள் வரிசைல சேக்கறதுக்கு ஓட்டு நடக்குது, அது முடியட்டும்” என்று போனில் சொன்னான். ஓட்டு முடிந்தது, சேர்த்தார்கள். ஊர் நடுவில் வெண்கலச் சிலை வைத்தார்கள். போன் வருவதும் நின்றுபோனது.

1996 ஜூனில் திடீரென்று கூப்பிட்டான்.

“கெழவா, அடுத்த மாசம் என் சட்டை நம்பர் முப்பத்தொண்ணை இனி யாருக்கும் தர்றதில்லைன்னு விழா வெக்கறாங்க. நீ வரணும். முதல் பந்து நான் எறிவேன், நீதான் பிடிக்கணும். அன்னிக்கு நடந்ததைப் பத்தி எல்லார் முன்னாடியும் பேசப்போறேன்.”

எமில் போனை வைத்துவிட்டு அடுக்களையில் நின்று அழுதான். அறுபது வயது ஆள்.

“இருபத்தஞ்சு வருஷமாப் பேசாதவன் இப்பப் பேசப்போறானா?” என்றாள் வெர்னா.

“சத்தியம் பண்ணியிருக்கான்.”

“அவன் பண்ணின சத்தியத்தை வெச்சு ஒரு பன்கூடச் சுட முடியாது. சரி, சட்டையை எடு, தேய்ச்சுத் தரேன்.”

விழா அன்று மைதானம் நிரம்பியிருந்தது. எமிலை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். ராய்ஸ் ஒலிபெருக்கி முன்னால் நின்றான். பழைய மேலாளருக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி. பிறகு எமில் பக்கம் திரும்பினான்.

“இவன் என் கேட்சர். ஒருநாள் ஒரு தப்பு பண்ணினான். எனக்கு உதவணும்னு நினைச்சு, எனக்கே தெரியாம. நான் அன்னிக்கே இவனை மன்னிச்சுட்டேன். இன்னிக்கு நீங்களும் மன்னிச்சிருங்க. ஏன்னா, மனுஷன்னா தப்பு பண்ணுவான்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராய்ஸ் வந்து எமிலைக் கட்டிப்பிடித்துக் காதோரம், “இதுக்கு மேல என்னால முடியல கெழவா” என்றான்.

எமிலின் கையில் கையுறையைத் திணித்தார்கள். ராய்ஸ் மேட்டில் ஏறிப் பந்தோடு நின்றான். எமில் குந்தவில்லை. கையுறையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, முதுகைக் காட்டி வெளியே நடந்தான். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் உருகினார். “பாவம், முட்டி வலி போல. அவருக்கு இன்னொரு தடவை பலமா கைதட்டுங்க.” தட்டினார்கள்.

வாசலில் ஒரு பத்திரிகைக்காரப் பெண் ஓடி வந்தாள். அவள் கேட்பதற்கு முன்பே எமில் சொல்லிவிட்டான்.

“அந்தக் கொக்கியை அராவினது அவன்தாம்மா. என் வீட்டு மேஜையில உக்காந்து. எழுதிக்கோ.”

அந்தப் பெண் பேனாவை மூடினாள். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான் பார்த்தாள்.

“அவர் உங்களைப் பத்தி அவ்வளவு நல்லவிதமாப் பேசினாரே சார். அதுக்கப்புறமும் இப்படிச் சொல்லலாமா?”

எமிலுக்கு அப்போதுதான் முழுசும் புரிந்தது. இத்தனை வருஷம் அவன் வெறும் ஏமாற்றுக்காரனாக இருந்தான், என்றைக்காவது ஒருநாள் உண்மையைச் சொன்னால் யாராவது ஒருவர் நம்பியிருக்கலாம். இனி அவன் மன்னிக்கப்பட்டவன். வாயைத் திறந்தால் நன்றி கெட்டவன்.

வெர்னா வந்து அவன் கையைப் பிடித்தாள். “வா, போலாம்” என்றாள். உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.