காயாத கயிறு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் இதைக் கேட்டுவிட்டு நமுட்டுச் சிரிப்புச் சிரிக்காதீர்கள். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

நான் நொச்சிக்குப்பத்துப் பெண். கடலுக்குப் போன அப்பா மூன்று வருடமாகத் திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. காணாமல் போனவர் கனவில் நனைந்து வந்தால் ஆள் இல்லை, காய்ந்து வந்தால் எங்கேயோ கரையேறிவிட்டார் என்று எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. காரியம் பண்ணிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அம்மா, "நேத்துகூட காஞ்ச சட்டையோடதான் வந்தாரு, போங்கடா" என்று விரட்டிவிடுவாள். பொட்டை இன்னும் எடுக்கவில்லை.

போன வருடம் கல்லூரியிலிருந்து எட்டுப் பேர் நேபாளத்தில் ஒரு மலைக்கிராமத்துக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்துக்கொடுக்கப் போனோம். சேவைதான், ஆனால் பாதிப் பேருக்கு மண்வெட்டி பிடிக்கவே தெரியாது, அந்த ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேட்டில் இரும்புத் தாங்கி, அதன்மேல் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. எங்கள் குழுத் தலைவன் கார்த்திக், தி.நகர்ப் பையன், அதை நாலு மூலையிலும் நைலான் கயிற்றால் ஷூ லேஸ் முடிச்சுப் போட்டுக் கட்டினான்.

"காலித் தொட்டிடா, காத்து தூக்கிடும். நான் கட்டறேன்" என்றேன்.

"சிவில் படிக்கிறது நானா, நீயா? போய் சாப்புடு, அப்புறம் பாத்துக்கலாம்."

ரோஷத்தில் நானும் இறங்கிவிட்டேன். அது என் தப்பு, மறைக்கமாட்டேன். எல்லாரும் கீழே ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பள்ளத்தாக்கிலிருந்து காற்று கிளம்பியது. மழை ஒரு சொட்டு இல்லை, வெறும் காற்று. மேட்டுக்கு நேர் கீழே பள்ளிக்கூடத்துத் தகரக் கூரைக்கடியில் சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தட்டைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன்.

தொட்டி அசையவே இல்லை. நாலு மூலையிலும் முடிச்சு மாறியிருந்தது. மூன்று சுற்று, கயிற்று நுனி இடப்பக்கமாகத் திரும்பி உள்ளே செருகல். அப்பா பீச்சாங்கைக்காரர். குப்பத்திலேயே அப்படிக் கட்டுகிறவர் அவர் ஒருவர்தான், என் கைக்கே அது வராது. கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. மலை உச்சியில், சத்தியமாகச் சொல்கிறேன், கடல் உப்பு.

பின்னாலேயே ஓடிவந்த கார்த்திக் முடிச்சைப் பார்த்து, "இது நான் போட்டது இல்ல மச்சி" என்றான். அப்புறம் அவன் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பயந்தாங்கொள்ளி.

ஊர் திரும்பி அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மீன் கூடையை இறக்கி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி சொல்றே? கயிறு ஈரமா இருந்துச்சா, காஞ்சு இருந்துச்சா?"

"காஞ்சுதாம்மா இருந்துச்சு."

"அதான், நான் சொல்லிக்கினே கீறேனே" என்று கண்ணாடி முன்னால் போய்ப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். நேராக இருந்ததையே மறுபடியும் மறுபடியும் அழித்து வைத்தாள். அவள் கனவில் வருகிற சட்டை நிஜமாகவே காய்ந்ததுதானா என்று அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

தொட்டியை நிரப்பிய பிறகு, மிஞ்சித் தொங்கிய கயிற்றில் ஒரு முழம் வெட்டிக்கொண்டு வந்திருந்தேன். அம்மா கண்ணில் படாமல் அடையாற்றில் தோழி அறையில் வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் பத்து நாள் போட்டுப் பார்த்துவிட்டோம். இன்னும் சொட்டுகிறது. சந்தேகமாக இருந்தால் வந்து தொட்டுப் பாருங்கள். ஆனால் என் எதிரில் பேய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் அப்பா செத்துவிட்டார் என்று ஆகிவிடும். அதைச் சொல்ல நான் யாரையும் விடமாட்டேன்.