ஜோசப் ஃபரூஜாவின் வரைபடம்

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கடை திறக்க வந்த ஷாகுல் அண்ணன்தான் எனக்கு போன் செய்தார். கீழக்கரைக்காரர். வளைகுடாத் துறைமுக ஊரான புஜைராவில் ஜோசப் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவர். முந்தின நாள் நெஞ்சுவலி என்று ஜோசப்பை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அவர்தான். “தம்பி, நம்ம ஜோசப் மவுத்தாயிட்டாரு. இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து சொன்னாங்க. பேப்பர் வேலையெல்லாம் நீங்கதான் பாக்கணும்” என்றார். சரிங்கண்ணே என்று சொல்லி போனை வைத்தேன். அழுகை கொஞ்ச நேரம் கழித்து வந்தது. அதற்கு முன்னால் வந்தது நிம்மதி. இனி அவரிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி. எழுதவே கூசுகிறது.

இரங்கல் கூட்டத்துக்கு வந்திருந்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பேசச் சொல்லி என்னைத்தான் முதலில் அழைத்தார்கள். மைக்கைப் பிடித்து இரண்டு வாக்கியம் பேசினேன், பிறகு மேலே பேச முடியவில்லை. துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று எண்ணி நீங்கள் முதுகில் தட்டி உட்கார வைத்தீர்கள். எனக்கு எதிரே, உங்கள் தலைகளுக்கு மேலே ஃப்ளெக்ஸ் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ஜோசப்பின் சிரித்த முகம், அதன் கீழே கொட்டை எழுத்தில் ‘எஃப். ஜோசப்’. அலுவலகப் பட்டியலிலிருந்து எடுத்து அடித்திருந்தார்கள். அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் நான். அன்று சொல்லாமல் விழுங்கியதை இப்போது சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனம். நிர்வாகம் என் பொறுப்பு. கேட் பாஸ், விசா, டூட்டி அட்டவணை, வருகிற தபால், போகிற தபால் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஊழியர் பட்டியலைத் திருத்தி எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதினேன்: முன்னால் இனிஷியல், பின்னால் பெயர். நான் கே. ராகவன் என்றால் மற்றவர்கள் மட்டும் ஏன் நீளமாக நிற்க வேண்டும்? எகிப்தியர், பிலிப்பினோ, ஆங்கிலேயர் எல்லோரும் என் பட்டியலில் என்னைப் போலவே திருச்சிக்காரர்கள் ஆனார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. இங்கே எல்லோரும் மிஸ்டர் டேவிட், மிஸ்டர் அகமதுதானே. பட்டியல் ஒரே சீராக இருந்தது, எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஜோசப் பதினோரு வருடங்களுக்கு முன் எங்கள் நிறுவனத்தின் அல் கூஸ் கிளையிலிருந்து மாற்றலாகி வந்தார். மால்டா என்ற தீவு நாட்டுக்காரர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ஏற்கெனவே கேரளத்து ஜோசப்புகள் மூன்று பேர் இருந்தார்கள். இவரை எஃப். ஜோசப் என்று நாலாவதாகச் சேர்த்தேன். பட்டியலைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். “ராகவன், என் குடும்பம் முழுவதையும் ஒரு எழுத்துக்குள் அடைத்து, தப்பிவிடாமல் இருக்கப் புள்ளியும் வைத்துவிட்டாயே” என்றார். கேலியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். மாற்றவில்லை. ஒருவருக்காக மாற்றினால் பட்டியல் கோணலாகிவிடும் என்று நினைத்தேன்.

அவர் வந்த இரண்டாம் மாதம் பிரிட்டிஷ் தபால்தலையோடு ஒரு கடிதம் வந்தது. கார்டிஃப் ஊரிலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருந்தார். ஃபரூஜா என்ற குடும்பப் பெயருள்ள, அலெக்ஸாண்ட்ரியாவில் பிறந்த ஒருவர் வளைகுடாவில் கப்பல் சோதிக்கும் வேலையில் இருப்பதாக ஒரு மாலுமி சொன்னாராம், உங்களிடம் இருக்கிறாரா என்று கேட்டிருந்தார். நான் கணினியில் பட்டியலைத் திறந்து அந்தப் பெயரைத் தேடினேன். வரவில்லை. பட்டியலில் இருந்தது ‘எஃப்’ மட்டும். பாஸ்போர்ட்டைப் பார்த்து அந்த எழுத்தைத் தட்டியவன் நானே என்றாலும், ஐம்பது பேரில் எந்த எழுத்துக்குள் என்ன இருந்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? எங்கள் ஊர் வழக்கத்தில் முன்னால் நிற்பது அப்பா. மனிதரைக் கூப்பிடவோ தேடவோ அது வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் எங்களிடம் இல்லை, தங்கள் தேடல் நிறைவேற வாழ்த்துகள் என்று நல்ல ஆங்கிலத்தில் டைப் செய்து அன்றே தபாலில் சேர்த்தேன். சிரமமே இல்லாத வேலை. ஜோசப் எனக்கு எதிர் அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு நாங்கள் நெருக்கமானோம். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். என் மனைவி மீனா சுடும் முறுக்கைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போவார். அவருடைய மால்டா மொழி அரபுக்குப் பங்காளி. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ண ஆரம்பித்தால் எகிப்திய ஃபோர்மேன் வாயைப் பிளப்பார். ஒருநாள் கார்னிஷ் கடற்கரைச் சாலையில் நடந்து போகும்போது, முழுக்கோழி சுட்டு விற்கும் லெபனான் கடையின் பெயர்ப்பலகைக்குக் கீழே போய் நின்றுகொண்டார். “என்னை ஒரு படம் எடு. இது எங்கள் குடும்பக் கடை” என்றார். பலகையில் அரபியில் இருந்த ‘ஃபரூஜ்’ என்ற சொல்லுக்குக் கோழிக்குஞ்சு என்று பொருளாம். அவருடைய குடும்பப் பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று பெரும்பாலோர் சொல்கிறார்களாம். கோழி வளர்த்தவர்களா, விற்றவர்களா, சேவல் மாதிரி சண்டைக்கு நின்றவர்களா, யாருக்கும் தெரியாது. சிசிலியிலிருந்து வந்த குடும்பம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. “மூதாதை பிரபு என்று சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் ஆசை. எனக்குக் கோழியே போதும். கோழி எங்கேயும் பிழைத்துக்கொள்ளும்” என்பார்.

பழகி ஒன்றரை வருடம் ஆன பிறகு ஒரு மாலை என்னைத் தன் அறைக்கு அழைத்துப்போய் அந்த வரைபடத்தைக் காட்டினார். சுவர் அகலத்துக்கு உலகம். அதில் ஷாகுல் அண்ணன் கடையில் வாங்கிய சிவப்புக் குண்டூசிகள். அவர் பெயர் கொண்ட குடும்பம் வாழும் ஊர்களில் எல்லாம் ஒவ்வொன்று. மால்டாவில் ஊசி குத்த இடமில்லாமல் ஒரே சிவப்பு. அங்கிருந்து பக்கத்துக் கரைகளுக்கு, துனிஸ், திரிப்போலி, அலெக்ஸாண்ட்ரியா. இவை அவருடைய தாத்தா காலத்துப் பிழைப்பு. பிறகு தூரத்துக்கு. கார் தொழிற்சாலைக்குப் போனவர்கள் டெட்ராய்ட்டில், கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள் ஆஸ்திரேலியாவின் வடக்கில், அப்புறம் மெல்போர்ன், சிட்னி, டொராண்டோ, லண்டன். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை வைத்திருந்தார். “தீவு சின்னது, குடும்பம் பெரியது. யாராவது ஒருவர் எழுந்து போனால்தான் மற்றவர் கால் நீட்ட முடியும்” என்றார்.

மேஜையில் ஊசி டப்பாவுக்குள் ஒரே ஒரு பச்சை ஊசி இருந்தது. அது என்ன என்று கேட்டேன். ரீட்டாவுக்கு என்றார். ரீட்டா அவருடைய சித்தப்பா மகள். அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஜோசப்பைவிட இரண்டு வயது மூத்தவள். மால்டா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால் அவர்களுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அது வைத்திருந்தவர்களை எகிப்து வெளியேறச் சொன்னபோது ஜோசப்புக்கு ஆறு வயது. இரண்டு குடும்பங்களும் வேறு வேறு கப்பலில் ஏறின. அண்ணன் தம்பிக்குள் ஏற்கெனவே மனஸ்தாபம், அதோடு தொடர்பு அறுந்துபோனது. கப்பலில் ஏறும் முன் தன் குல்லாவைக் கழற்றி அவன் தலையில் மாட்டிவிட்ட ரீட்டாவை மட்டும் அவர் மறக்கவில்லை. “பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் பெயர் மாறிவிடும், ராகவன். அதனால் நான் தேடி அவளைப் பிடிக்க முடியாது. அவள்தான் என்னைக் கண்டுபிடிக்க வேண்டும். என் வேலை, பெயரைக் கண்ணில் படும்படி வைத்திருப்பது.”

கார்டிஃப் அம்மாளின் கடிதம் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மறுநாள் சீக்கிரமே அலுவலகம் போய்ப் பழைய தபால் கோப்பைப் புரட்டினேன். கார்டிஃப் கடிதம் அப்படியே இருந்தது, கூடவே என் பதிலின் நகலும். கையெழுத்தின் கீழே வேறு ஒரு குடும்பப் பெயரோடு ரீட்டா. கடைசி வரியில், அவன் பெயர் ஜோசப், அவனை ஆறு வயதில் பார்த்தது, என் குல்லா இன்னும் அவனிடம்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார். முதல் தடவை நான் அந்த வரி வரைக்கும் படிக்கவே இல்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். சட்டைப் பையில் கடிதத்தை வைத்துக்கொண்டு அவர் அறை வாசல் வரை போனேன். தன் சித்தப்பா குடும்பம் நீங்கள்தானா என்று ஊர் ஊராக இருந்த ஃபரூஜாக்களுக்கு அவர் எழுதிக்கொண்டிருந்தார். மெல்போர்னிலிருந்து யாரோ ஒரு ஃபரூஜா, நாங்கள் இல்லை, ஆனால் உங்களுக்கு நல்லது நடக்கட்டும் என்று பதில் போட்டிருந்தார். அதைப் படித்துக் காட்டி அவ்வளவு சந்தோஷப்பட்டார். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிட்டேன். அந்த நாளை ஒன்பது வருடத்துக்கு மேல் ஓடியது. ஆறு மாதம் கழித்துச் சொன்னால், ஆறு மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயந்தேன். இரண்டு வருடம் ஆனதும் அந்தக் கேள்வியும் இரண்டு வருடம் வளர்ந்திருந்தது. இதற்கு நடுவில் அவருக்காக மெல்போர்னுக்கும் டொராண்டோவுக்கும் கடிதங்கள் டைப் செய்தவன் நான்தான். கேட்ட விலாசம் என் மேஜை இழுப்பறையில் ஸ்டேப்ளர் பின் பெட்டிக்கு அடியில் கிடக்க, விலாசம் கேட்டு ஊர் ஊராக எழுதினேன். “நீ இல்லாவிட்டால் எனக்கு யார் இதெல்லாம் செய்வார்கள்” என்று தோளில் கை போடுவார். அந்தக் கையை நான் தாங்கிக்கொண்டு நின்றேன். எப்படி முடிந்தது என்று இப்போது தெரியவில்லை.

ஒருநாள் என்னிடம் கேட்டார், “உங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. உன் பெயருக்கு முன்னால் இருப்பது வேறு, உன் மகள் பெயருக்கு முன்னால் இருப்பது வேறு. உன்னை ஒருவன் தேடினால் எதை வைத்துத் தேடுவான்?” ஊரை வைத்து என்றேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீக்கடையில், இன்ன தெருவில் இன்ன வேலை பார்த்தவர் மகன் என்று கேட்டால் வீட்டுவாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்று பெருமையடித்தேன். ஜோசப் விடவில்லை. “அந்த டீக்கடைக்காரன் இல்லை என்று சொல்லிவிட்டால்?” என்றார். எதுவும் தெரிந்து கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

அவரை இங்கேயே அடக்கம் செய்தோம். அதற்கான படிவத்தில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில், யாருமில்லை என்று நான் எழுதினேன். அதே கை, அதே பதில், இரண்டாம் தடவை. கையெழுத்திடுபவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்ட இடத்தில் நண்பர் என்று எழுதினேன்.

இரங்கல் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மீனாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கோபமாகக் கத்தியிருந்தால் தேவலை. “என்னங்க, பத்து வருஷமா நம்ம வீட்டுல வந்து சாப்பிட்ட மனுஷன். எப்படிங்க அவருக்கு எதுத்தாப்புல உக்காந்து சாப்பிட்டீங்க?” என்று மட்டும் கேட்டாள். பிறகு, “அந்த அம்மா உசுரோட இருக்காங்களோ என்னமோ. முதல்ல எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க” என்றாள். எழுதினேன். ஒன்றுவிடாமல்தான் எழுதினேன்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. ரீட்டா உயிரோடு இருக்கிறார், அதே வீட்டில். நடுங்கும் கையெழுத்தில் ஒரு பக்கம். என்னைத் திட்டவில்லை. கல்லறைக் கல்லில் முழுப்பெயர் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தக் குல்லா கறுப்பா நீலமா என்று அவர் எப்போதாவது சொன்னாரா, எனக்கே மறந்துவிட்டது என்றும் கேட்டிருந்தார். முடிவில் இப்படி எழுதியிருந்தார்: “அப்போது வளைகுடாவில் பதினேழு அலுவலகங்களுக்கு எழுதினேன். பதில் போட்டது நீங்கள் மட்டும்தான். இவ்வளவு மரியாதையாக எழுதுகிறவர் சரியாகத்தான் பார்த்திருப்பார் என்று நம்பி, அதோடு தேடுவதை நிறுத்திவிட்டேன்.”

கடிதத்தை ஷாகுல் அண்ணன் கடைக்கு எடுத்துப் போனேன். என் தப்பையும் அவரிடம் சொன்னேன். கடிதத்தைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க சொல்லியிருந்தா ரெண்டு நாளு மொகத்தத் திருப்பிக்கிட்டு இருந்திருப்பாரு தம்பி. அம்புட்டுத்தான். மூணாம் நாளு டிக்கெட் போடச் சொல்லியிருப்பாரு” என்றார்.

ஜோசப்பை அறிந்த உங்களுக்கு அவர் பெயரை இப்போதாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்: ஜோசப் ஃபரூஜா. கல்லில் அப்படித்தான் செதுக்கியிருக்கிறது. பட்டியலிலும் எல்லோருடைய பெயரையும் முழுதாக எழுதிவிட்டேன், கோணல்மாணலாக இருக்கிறது. அவருடைய உடைமைகளில் அந்த வரைபடத்தையும் ஊசி டப்பாவையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வரைபடம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது, சிவப்பு ஊசிகள் ஒன்றுகூட உதிராமல். கார்டிஃப் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குத்தச் சொல்லி மீனாவும் சொன்னாள். கை போகவில்லை. பச்சை ஊசி டப்பாவிலேயே இருக்கிறது.