ரோஸாகிப்போன நீல மணிகள்

கரியமில வாயுவைப் பிடிக்கும் தூளைச் சோதிக்கும் தொம்மலூர் ஆய்வகம் எங்களுடையது. தூளின் எடை ஏறினால் வாயு சிக்கியதென்று அர்த்தம். அன்று தாறுமாறாக ஏறியது. "சாதனை சார்!" என்று டைரக்டருக்கு போன் போட்டுவிட்டேன். அவர் படியேறி வந்துகொண்டிருந்தார்.

எதைத் தொடுமுன்னும் சட்டையில் விரல் துடைத்துக்கொள்ளும் எங்கள் டெக்னீஷியன், தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருபவர், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரப்பிய குழாயைக் காட்டினார்.

"நீல மணியெல்லாம் ஈரம் நிறைஞ்சு ரோஸாயிடுச்சே, பாக்கலியா சார்? தூள் குடிச்சது வாயுவ இல்ல, மழை ஈரத்த."

மணிகளை மாற்றியிருக்க வேண்டியவன் நான். மேசைக்கடியில் ஒளியலாமென்றால் தொப்பை சம்மதிக்கவில்லை.

"சட்டுனு புது மணி போட்டுடுங்கண்ணா, யாருக்கும் தெரியாது."

"போட மாட்டேன். உள்ளத சொல்லிடுங்க."

"வேலை போயிடும்ணா!"

"அதான் கூட நிக்கிறேன்ல."

உள்ளதைச் சொன்னேன். டைரக்டர் கத்தி முடிக்கும்வரை டெக்னீஷியன் என் பக்கத்திலேயே நின்றார். அதற்குள் ஊருக்குப் போகும் ரயிலையும் விட்டுவிட்டார். எனக்காக நின்றாரா, நான் உண்மையைச் சொல்கிறேனா என்று பார்க்க நின்றாரா, இன்றுவரை தெரியவில்லை.