வீரபத்திரன் ஏறிய ரயில்

வீரபத்திரன் எதையும் நம்பிப் பழகியவர் இல்லை. மலைக்கோயிலுக்குப் போனால் செருப்பில் ஒன்றைக் கிழக்கே விடுவார், மற்றதை மேற்கே விடுவார். ஒற்றைச் செருப்பை எந்தத் திருடன் எடுப்பான்? பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். அதிலெல்லாம் யாருக்கும் கஷ்டமில்லை. சந்தேகம் பெண்டாட்டி பக்கம் திரும்பியதுதான் வினையாகிப்போனது.

கோமளவல்லி அவருக்கு அத்தை மகள். கட்டிக்கொண்டு இருபது வருஷமாகியும் 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். திருத்தணியிலிருந்து தினம் ரயிலில் போய்வந்து, அம்பத்தூரில் துணி தைக்கும் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை. ஏழேகாலுக்கெல்லாம் வீடு வந்து சேர்ந்தவள், நாலு மாதமாக எட்டைத் தாண்டித்தான் வந்தாள். கேட்டால், "அரக்கோணத்துக்கு இப்பால ரயிலு ஊர்ந்துகினு வருது பாவா" என்பாள்.

அங்கேதான் அவருக்கு இடித்தது. அந்தப் பாதையில் தண்டவாளத்தைப் புதுசாக மாற்றியதே நாலு மாதத்துக்கு முன்னால்தான். பவர்லூமில் முப்பது வருஷம் தேய்ந்தவர் அவர். பழைய பெல்ட்டைக் கழற்றிப் புதுசு மாட்டினால் தறி அன்றைக்கே பறக்கும். புதுசு போட்ட பிறகு எதுவாவது மெதுவாகப் போகுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று முடிவுகட்டினார். "இந்த மாசத்தோட வேலைய உட்ரு" என்றும் சொல்லிவிட்டார். அவள் மறுநாளும் வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பினாள். அதையும் அவர் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை தறிக்கு லீவு சொல்லிவிட்டு, அம்பத்தூரில் கம்பெனி வாசலுக்கு எதிரே டீக்கடையில் போய் நின்றார். ஐந்தரைக்கு வெளியே வந்தவள் நேராக ஸ்டேஷனுக்கு நடந்தாள். பெண்கள் பெட்டியில் ஏறினாள். அவர் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்.

அரக்கோணம் தாண்டியதும் ரயில் தளர்ந்தது. பக்கத்து ரோட்டில் சைக்கிளில் போனவன் ரயிலை முந்தினான். எதிர் சீட்டில் தண்டவாள வேலை பார்க்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"புதுசுதானே போட்டீங்க, இன்னாத்துக்கு இப்டி போவுது?" என்று அவரையும் சந்தேகமாகவே கேட்டார் வீரபத்திரன்.

"புதுசுன்றதாலதாங்க. அடியில கொட்டின ஜல்லி இறுகி உக்காரணும். அதுவரிக்கும் வேகமா உடமாட்டாங்க. இங்க சில எடத்துல இன்னும் உக்காரவே இல்ல."

வீரபத்திரனுக்கு உடம்பு கூசிப்போனது. திருத்தணியில் இறங்கும்போது மணி எட்டு பத்து. கூட்டத்தோடு நழுவிவிடலாம் என்று பார்த்தார். கோமளவல்லி வழியிலேயே நின்றிருந்தாள். அம்பத்தூரிலேயே அவரைப் பார்த்துவிட்டிருக்கிறாள்.

"நீ சொன்னது நெசந்தான் கோமளா. ரயிலு மெதுவாதான் வருது. வேலைய உட வேணாம்."

"நாலு மாசமா நான் சொன்னேன், நம்பல. ரயிலு ஒரே நாளு சொல்லுச்சு, நம்பிட்ட."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். வீடு வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.